13 வயதில் ஏன் எதுவும் பிடிக்காமல் போகிறது? பூப்பும் பிஞ்சு வயது நெருக்கடியும் சேரும் இடம்

நேற்று வரை துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது எதிலும் ஒட்டாமல் இருக்கிறது என்பது, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் 8, 9-ஆம் வகுப்பு ஆசிரியர்களிடம் பெற்றோர் சொல்லும் பழைய புகார். காரணமாகச் சொல்லப்படுபவையும் பழையவைதான்: செல்போன், கூடாத சேர்க்கை, திமிர், சோம்பல். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கண் பட்டுவிட்டது என்பார்கள். முனியப்பன் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். வளரிளம் பருவத்தினரின் மனநலம் பற்றிய செய்திகள் அடிக்கடி வரும் இந்நாளில் புதிய சொற்களும் வந்து சேர்ந்துவிட்டன: டோபமின் குறைவு, ஹார்மோன் கோளாறு, சின்ன வயது அதிர்ச்சி. எல்லாமே அரைகுறையாகக் காதில் விழுவதால் குழப்பம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

ஒரு பிள்ளையின் இன்ப உணர்வு மங்குவதில் பூப்புக்கு என்ன பங்கு, பிறந்த முதல் சில ஆண்டுகளில் பட்ட நெருக்கடிக்கு என்ன பங்கு என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடலாம். இந்த நிலைக்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது பிள்ளைக்கு இழைக்கும் அநீதி.

எது இன்ப இழப்பு?

முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் ஆர்வமும் இன்பமும் குன்றிப்போவதை மருத்துவர்கள் அன்ஹெடோனியா என்கிறார்கள். பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1896-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. இங்கே அதை இன்ப இழப்பு என்றே சொல்வோம்.

மனச்சோர்வு என்றதும் நம் கண்முன் வருவது அழுகை. ஆனால் மனச்சோர்வு நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் கட்டாயமாகத் தேடும் அறிகுறிகள் இரண்டு. அவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஒன்று, குறைந்தது 2 வாரங்கள் நாளின் பெரும்பகுதி வாடிய மனநிலை. மற்றொன்று, அதே அளவு காலம் நீடிக்கும் இன்ப இழப்பு. அதாவது ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமலும் ஒரு பிள்ளை மனச்சோர்வில் இருக்க முடியும். சிறுவர், வளரிளம் பருவத்தினரிடம் வாட்டத்துக்குப் பதிலாக எரிச்சல் முன்னே நிற்கலாம் என்பதையும் மருத்துவ வரையறை ஏற்கிறது. எதற்கெடுத்தாலும் சீறி விழும் பையனை யாரும் மருத்துவரிடம் அழைத்துப்போவதில்லை. அவனுக்குத் திமிர் என்ற பட்டம் கிடைத்துவிடுகிறது.

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் 9-ஆம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். போன ஆண்டு வரை பள்ளியின் கபடி அணியில் முதல் ஆள். சந்தை நாளில் ஆயாவின் (பாட்டியின்) கையைப் பிடித்துக்கொண்டு போய், பொரி உருண்டை வாங்கித் தின்றுகொண்டே திரும்புவாள். இந்த ஆண்டு மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறாள். ஆயா ஆசையாக வாங்கி வந்ததைப் பார்த்து, "வேண்டாம் ஆயா, நீயே சாப்பிடு" என்கிறாள். தோழிகள் வந்து வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனால் அரை மணி நேரம் நன்றாகவே ஆடுகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். மறுநாள் மறுபடியும் நேரே வீடு.

ஆடும்போது சிரிக்கிறாளே, பிறகென்ன நோய் என்று கேட்பவர்கள் உண்டு. விளக்கமே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

மூளையில் இன்பம் என்பது ஒரே வேலை அல்ல

இன்பம் என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வதை மூளை குறைந்தது மூன்று வேலைகளாகப் பிரித்துச் செய்கிறது. இவற்றைச் செய்யும் பகுதிகளையும் பாதைகளையும் சேர்த்து வெகுமதிச் சுற்று என்பார்கள்.

1. நாடுதல். ஒன்று வேண்டும் என்று எழுந்து போக வைக்கும் உந்துதல். நடுமூளையிலிருந்து, ஸ்ட்ரையாட்டம் என்ற உள்மூளைப் பகுதியின் கீழ்ப்புறத்தில் உள்ள நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சிறு பகுதிக்குச் செல்லும் டோபமின் பாதை இதற்கு முக்கியம்.

2. சுவைத்தல். கிடைத்த பிறகு அனுபவிக்கும் இன்பம். இதில் மூளை தானே சுரக்கும், அபினை ஒத்த ஓபியாய்டு வகைப் பொருள்களுக்குப் பங்கு அதிகம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், டோபமின் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்ட எலிகளின் வாயில் சர்க்கரைக் கரைசலை விட்டுப் பார்த்தார். தாமாகத் தேடித் தின்னாத அந்த எலிகள், வாயில் விழுந்த இனிப்பை வழக்கம்போலவே ரசித்தன.

3. கற்றல். எது எப்போது இன்பம் தரும் என்று கணக்கு வைத்துக்கொள்வது. குரங்குகளின் டோபமின் நரம்புகளைப் பதிவுசெய்த நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் கண்டது இது: எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்த நரம்புகள் துடிக்கின்றன. பழகிய பிறகு, சாறு வரும் என்று அறிவிக்கும் விளக்குக்கே துடிக்கின்றன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய நேரத்தில் அவற்றின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைகிறது.

டோபமின் இன்பம் தரும் ரசாயனம் என்று சொல்லப்படுவது எவ்வளவு மேலோட்டமானது என்பது இதிலிருந்து தெரியும். எதிர்பார்ப்பையும் முயற்சியையும் கட்டிக் காக்கும் பொருள் என்பதே அதற்குப் பொருத்தம். நம் பாலக்கோட்டுப் பெண்ணுக்குச் சுவைத்தல் பெரிதும் குலையவில்லை. இழுத்துப்போனால் ஆடுகிறாள். குலைந்திருப்பது நாடுதல், தானாக எழுந்து போக அவளால் முடியவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரிகிறது.

பூப்பு இந்தச் சுற்றை என்ன செய்கிறது?

பூப்பு என்றால் முதல் மாதவிடாய், பையன்களுக்கு மீசை என்ற அளவில்தான் நம் கணக்கு. உடலின் கணக்கு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 6 முதல் 8 வயதிலேயே அட்ரினல் சுரப்பி மெல்ல விழிக்கிறது. பிறகு மூளையின் ஹைப்போதலாமஸ் தரும் துடிப்பில் பிட்யூட்டரியும், அதன் கட்டளையில் சூலகமும் விரைகளும் இயங்கத் தொடங்குகின்றன. பெண்களுக்கு 8 முதல் 13, ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் இது தொடங்குவது இயல்பு. மாதவிடாய் வருவது இந்தத் தொடரின் பிற்பகுதியில். சடங்குக்கு நாள் குறிக்கும்போது மூளைக்குள் வேலை தொடங்கி இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும்.

ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் மூளைக்குள் நேரடியாகப் புகுந்து வேலை செய்யக்கூடியவை. டோபமின் பாதையின் மேல் அவற்றின் கை இருக்கிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் 8 முதல் 27 வயது வரையானவர்களை மூளை ஸ்கேனில் வைத்து, சிறு தொகை வெல்லும் விளையாட்டை ஆட வைத்த ஆய்வு ஒன்றில், நியூக்ளியஸ் அக்கம்பென்ஸின் கிளர்ச்சி சிறுவயதிலிருந்து ஏறி, வளரிளம் பருவத்தின் நடுவில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கியது. புதுமை, நண்பர்களின் பாராட்டு, போட்டி, காதல் எல்லாம் 15 வயதில் உயிர்போகும் விஷயமாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் இன்பம் உச்சத்தில் இருக்க வேண்டிய வயதில் அது வற்றிப்போவது ஏன்? மறுகட்டுமானம் நடக்கும் வீட்டில்தான் எந்தச் சுவர் பலவீனம் என்பது வெளியே தெரியும். இந்த வயதில் வெகுமதிச் சுற்றின் இணைப்புகள் சில பெருகுகின்றன, சில கழிக்கப்படுகின்றன. முடிவெடுப்பையும் அடக்கத்தையும் கவனிக்கும் நெற்றிப்பகுதி மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. தூக்கக் கடிகாரமும் நகர்கிறது. தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பு ஒன்று, இரண்டு மணி நேரம் பின்தள்ளிப் போவதால் இரவு சீக்கிரம் தூக்கம் வராது. ஆனால் காலை 7 மணிக்குப் பஸ் வந்து நிற்கும். 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவைப்படும் வயதில் 6 மணி நேரத்தோடு பல பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

பிஞ்சு வயது நெருக்கடி: எது, எப்போது, எப்படி

ஆபத்து என்று மூளை கருதியதும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரினல் என்று ஒரு சங்கிலி இயங்கி, முடிவில் கார்டிசால் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. சங்கிலி இயங்குவது நல்லது. அளவோடு இயங்கி அடங்கினால். பிறந்த முதல் சில ஆண்டுகளில் இந்தச் சங்கிலி எந்த அளவுக்கு இயங்க வேண்டும் என்பதை, குழந்தையை வளர்ப்பவரின் அணைப்பும் குரலும் முகமுமே பழக்குகின்றன. அந்த வயதில் விழும் அடி பெரியவர்கள் மேல் விழும் அதே அடிக்குச் சமமல்ல.

அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் 1998-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, சிறுவயதுத் துன்ப அனுபவங்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பிற்கால நோய்களும் மனச்சோர்வும் கூடுவதைக் காட்டியது. அதில் ஒரு குறை இருந்தது. அடியும் வசையும் வீட்டிலிருந்தவரின் குடியும் ஒரே பட்டியலில் ஒன்று, இரண்டு என்று எண்ணப்பட்டன. பின்னால் வந்தவர்கள், குறிப்பாக கேட்டி மெக்லாஃப்லினும் மார்கரெட் ஷெரிடனும், அதைப் பிரித்தார்கள்.

1. அச்சுறுத்தல். அடி, வசை, பாலியல் அத்துமீறல், வீட்டில் கண்ணெதிரே நடக்கும் வன்முறை.

2. கவனிப்பு இழப்பு. குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய பேச்சு, கவனிப்பு, தூண்டுதல் கிடைக்காமல் போவது.

3. நிச்சயமின்மை. அணைப்பு கிடைக்கிறது, ஆனால் எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பது தெரியாமல் இருப்பது. இது பிறகு சேர்க்கப்பட்டது.

அச்சுறுத்தலுக்கு உள்ளான பிள்ளைகள் சராசரியாகச் சற்று முன்கூட்டியே பூப்படைகிறார்கள் என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று உறுதிசெய்தது. கவனிப்பு இழப்பு மட்டும் உள்ள பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. முன்கூட்டியே வரும் பூப்பு, குறிப்பாகப் பெண்களுக்கு, மனச்சோர்வின் அபாயத்தைத் தனியாகவே கூட்டுகிறது. இன்ப இழப்பைப் பொறுத்தவரை என் கணிப்பில் மூன்றாவது வகைக்கு இன்னும் அதிகக் கவனம் தேவை. ஏனென்றால் அது வெளியே தெரிவதே இல்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் டாலி பராம் குழுவினர் செய்த எலி ஆய்வைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். குட்டி போட்ட தாய் எலிக்குக் கூடு கட்ட வேண்டிய பொருளை மிகக் குறைவாகக் கொடுத்தார்கள். குட்டிகளின் 2-ஆம் நாள் முதல் 9-ஆம் நாள் வரை, ஒரு வாரம் மட்டும். தாய் எலி குட்டிகளைக் கைவிடவில்லை. நக்கிக்கொடுப்பதற்கும் பாலூட்டுவதற்கும் செலவிட்ட மொத்த நேரம் பெரிதாகக் குறையவும் இல்லை. ஆனால் நக்கத் தொடங்கும், பாதியில் விட்டுவிட்டு ஓடும், மறுபடி வரும், வேறு எதையோ செய்யும். அடுத்து என்ன நடக்கும் என்பதைக் குட்டியால் கணிக்க முடியாத ஒரு வாரம் அது. பிறகு எல்லாம் வழக்கமான கூண்டு, வழக்கமான உணவு. அந்தக் குட்டிகள் வளரிளம் வயதை எட்டியபோது, சர்க்கரைத் தண்ணீரும் வெறும் தண்ணீரும் அருகருகே வைத்தால் மற்ற எலிகள் அளவுக்கு இனிப்பை நாடவில்லை. சக எலிகளோடு புரண்டு விளையாடுவதும் குறைந்திருந்தது.

ஷுல்ட்ஸின் குரங்குகளை இங்கே நினைவுக்குக் கொண்டுவந்தால் காரணம் புலப்படும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்ற ஒழுங்கு இருந்தால்தான் எதிர்பார்ப்பு என்ற ஒன்று உருவாகும். ஒழுங்கே இல்லாத உலகில் எதிர்பார்ப்பது வீண் என்று பிஞ்சு மூளை கற்றுக்கொள்வது, அது இருந்த சூழலுக்குச் சரியான பாடம்தான். சூழல் மாறிய பிறகும் பாடம் மாறாமல் நிற்பதுதான் துன்பம்.

மனிதர்களிடம் இதைச் சோதனையாகச் செய்ய முடியாது. ஆனால் ருமேனியாவின் அனாதை இல்லங்களில் முதல் ஆண்டுகளைக் கழித்த குழந்தைகளைப் பற்றிய நீண்டகால ஆய்வுகள் உண்டு. புக்காரெஸ்ட் ஆய்வில் 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 2 வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள் பல திறன்களில் கூடுதலாக மீண்டார்கள். இல்லங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்ட வளரிளம் பருவத்தினரை நிம் டாட்டன்ஹாம் குழு ஸ்கேன் செய்தபோது, மற்ற பிள்ளைகளிடம் வயதோடு ஏறிய நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் கிளர்ச்சி இவர்களிடம் ஏறவில்லை. யாரிடம் அது மிகக் குறைவோ அவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் அதிகம்.

1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் தர்மபுரிக்கும் வந்தது. பெண்சிசுக் கொலையிலிருந்து உயிர்களைக் காத்த திட்டம் அது. வரவேற்பு மையத்தில் ஒரு குழந்தை காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் காகித வேலை மட்டும் அல்ல, மூளை வளர்ச்சியின் காலம் என்பதைத் தத்து கொடுக்கும் நடைமுறையில் இருப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டும் என்று இந்த ஆய்வுகள் சொல்கின்றன.

இரண்டும் எப்படிச் சேர்கின்றன?

இதுவரை பார்த்ததை வரிசையாக வைத்தால் காரணச் சங்கிலி இப்படி அமைகிறது.

1. முதல் ஆண்டுகளின் நெருக்கடி, கார்டிசால் சங்கிலியின் அளவைக் குலைத்து, வெகுமதிச் சுற்றின் எதிர்பார்ப்பைத் தாழ்வாக நிறுவக்கூடும். சிறுவயதில் இது பெரிதாக வெளியே தெரிவதில்லை. அந்த வயதில் பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, விளையாட அனுப்புவது பெரியவர்கள்.

2. பூப்பு வந்ததும் வெகுமதிச் சுற்று புதிதாகக் கட்டப்படுகிறது. தானே தேடிப் போய் நட்பு, திறமை, அங்கீகாரம் ஆகியவற்றைப் பெற வேண்டிய வயது. நாடுதல் குறைவாக நிறுவப்பட்ட பிள்ளைக்கு இந்த இடத்தில் கால் இடறுகிறது.

3. பூப்பு ஹார்மோன்கள் சமூகக் காயத்துக்கான உணர்வையும் கூட்டுகின்றன. கேலி, ஒதுக்கல், தோல்வி முன்பைவிட ஆழமாகத் தைக்கும்.

4. வலி கூடி, இன்பம் குறையும்போது பிள்ளை ஒதுங்குகிறது. ஒதுங்கினால் இன்பம் கிடைக்கும் வாய்ப்பும் குறைகிறது. சுழல் தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது.

பூப்புக்கு முன் ஆண், பெண் இருபாலரிடமும் மனச்சோர்வு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. அதன் பிறகு பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்காகிறது; 13 முதல் 15 வயதில் இந்த இடைவெளி மிகப் பெரிது. வட கரோலினாவில் நடந்த ஆய்வில், இந்த ஏற்றம் வயதைவிடப் பூப்பின் நடுக்கட்டத்தோடும், அதைவிட ஹார்மோன் அளவுகளோடும் நெருக்கமாகப் பொருந்தியது. ஐரோப்பாவில் 14 வயதுப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த இமேஜன் ஆய்வில், அந்த வயதில் நோய் எதுவும் இல்லாதிருந்தும் வெகுமதியை எதிர்பார்க்கும்போது ஸ்ட்ரையாட்டம் மந்தமாக இயங்கியவர்களிடம் 16 வயதில் மனச்சோர்வு தலைகாட்டுவது அதிகமாக இருந்தது. மந்தம் முன்னால், நோய் பின்னால்.

இவை எல்லாம் பெருங்கூட்டத்தின் சராசரிகள். நெருக்கடியில் வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பகுதியினர் இந்த நிலையை அடைவதில்லை. எந்த நெருக்கடியும் இல்லாத வீட்டிலும் இது வரலாம். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு.

நம் மாவட்டங்களில் இது எங்கே உறைக்கிறது?

பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பகுதிகளிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். பிள்ளைகள் ஆயாவிடமோ அவ்வாவிடமோ வளர்கிறார்கள். பெற்றோர் ஊரில் இல்லை என்பதை மட்டும் வைத்து அந்தப் பிள்ளைகளைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று முத்திரை குத்துவது தவறு. நாள்தோறும் அதே நேரத்தில் களி கிண்டிப் போட்டு, தலைவாரி, பள்ளிக்கு அனுப்பும் ஆயாவிடம் வளரும் பிள்ளைக்கு நிச்சயம் என்ற ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை இரவு 8 மணிக்குப் போன் வரும் என்று தெரிந்தால் அந்தப் போன் ஒரு துணை. வருகிறேன் என்று சொல்லி வராமல் போகும் ஞாயிறுகளே பிள்ளையைத் தேய்க்கின்றன. வேலைக்கு வெளியூர் போகாமல் இருக்க முடியாத குடும்பத்துக்கு இந்த வேறுபாடு பயனுள்ளது. தூரத்தைக் குறைக்க முடியாவிட்டாலும் ஒழுங்கைக் கூட்ட முடியும்.

பெற்றோர் இருவரும் கூடவே இருக்கும் வீட்டிலும் நிச்சயமின்மை இருக்கலாம். குடிக்கும் அப்பா இருக்கும் வீட்டில் அது தினமும் மாலையில் நடக்கிறது. தெருமுனையில் டிவிஎஸ் வண்டி திரும்பும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அப்பா எப்படி வருகிறார் என்பதைப் பிள்ளை கணிக்கப் பழகிவிடும். நேராக வந்து நின்றால் கையில் பக்கோடாப் பொட்டலம் இருக்கும். தடுமாறி நின்றால் தட்டு பறக்கும். ஒரே ஆள், ஒரே வீடு, இரண்டு வெவ்வேறு மாலைகள். பராம் ஆய்வகத்துக் கூண்டில் நடந்தது இந்த வகைப் பாடம்தான். தக்காளி விலை சரிந்த வாரத்தில் ராயக்கோட்டை, பாலக்கோடு வீடுகளில் ஏறும் சூடும் பிள்ளைகள் மேல்தான் இறங்குகிறது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்வது இன்னும் வெளிப்படையானது. மஞ்சள் நீராட்டு விழாவில் தாய்மாமன் சீர், பந்தல், ஊர்ச் சாப்பாடு என்று ஒரு நாள் அவளைக் கொண்டாடுகிறோம். மறுநாளிலிருந்து சைக்கிள் நின்றுபோகிறது. மைதானம் நின்றுபோகிறது. பையன்களோடு பேச்சு நின்றுபோகிறது. அஞ்செட்டி, தளிப் பக்கத்து மலைக்கிராமங்களில் உயர்நிலைப் பள்ளி தூரம் என்பதால் படிப்பே நின்றுபோவதும் உண்டு; சிலருக்குக் கல்யாணப் பேச்சும் தொடங்கிவிடுகிறது. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வதை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும், தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18-க்கு முன் மணமானவர்கள். மூளை புதிய இன்பங்களை மிக ஆவலாகத் தேடும் வயதில், அவை கிடைக்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடைக்கிறோம். பிறகு பெண் மந்தமாகிவிட்டாள் என்கிறோம். இதில் ஹார்மோனை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையல்ல.

மீளும் வழி

பூப்பு பலவீனத்தை வெளிக்காட்டும் காலம் என்றால், அதே நெகிழ்வு பழுதைச் சரிசெய்யவும் இடம் கொடுக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் கன்னர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அனாதை இல்லங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளின் கார்டிசால் எழுச்சி பூப்புக்கு முன் மழுங்கியிருந்தது. ஆதரவான வீட்டில் வாழ்ந்தபடி பூப்பைக் கடந்தவர்களிடம் அது மற்ற பிள்ளைகளின் அளவை நெருங்கியது. கார்டிசால் சீராவது வேறு, மனம் தெளிவது வேறு. முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் மூன்று வயதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்ற அச்சத்துக்கு அது ஒரு பதில்.

சிகிச்சையில் பெற்றோர் அறிய வேண்டியவை சில உண்டு.

1. முதலில் உடலைப் பார்க்க வேண்டும். மூளையில் டோபமின் தயாராவதற்கு இரும்புச் சத்து தேவை. இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற மாத்திரையைப் பல பிள்ளைகள் வயிற்றைப் பிரட்டுகிறது என்று வீசிவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் அந்தத் தொல்லை குறையும். தைராய்டு குறைபாடும் இதே முகத்தோடு வரும். இரத்தப் பரிசோதனை இரண்டையும் காட்டிவிடும்.

2. செயலூக்கச் சிகிச்சை. ஆசை வந்ததும் செய்யலாம் என்று காத்திருந்தால் ஆசை வராது, குலைந்திருப்பதே நாடுதல்தான். எனவே செயலை முதலில் வைத்து, உணர்வு பின்னால் வர விடுகிறார்கள். நம் பாலக்கோட்டுப் பெண்ணுக்கு என்றால், செவ்வாய், வெள்ளி மாலைகளில் 20 நிமிடம் மைதானம், கூட வர ஒரு தோழி, முடிந்ததும் நோட்டில் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். போவதற்கு முன் எவ்வளவு பிடிக்கும் என்று நினைத்தாள், போன பிறகு எவ்வளவு பிடித்தது என்று இரண்டு எண்கள். முன் எண் 1, பின் எண் 4 என்று நாலைந்து முறை தன் கையெழுத்திலேயே பார்க்கும்போது எதிர்பார்ப்பின் கணக்கு மெல்லத் திருந்துகிறது. மதிப்பெண் குறைவாக வந்தால் திட்டக் கூடாது.

3. மருந்து. ஃப்ளுவாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் சில பிள்ளைகளுக்குத் தேவைப்படும். மனநல மருத்துவர் எழுதித் தர வேண்டும். தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று உற்றுக் கவனிப்பது கட்டாயம். மருந்துக்குச் சரிவர இணங்காத மனச்சோர்வு உள்ள வளரிளம் பருவத்தினரை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், இன்ப இழப்பு அதிகம் உள்ளவர்கள் குணமாகக் கூடுதல் காலம் எடுத்தார்கள். ஒரு மாதத்தில் மாற்றம் இல்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

4. சாவைப் பற்றிப் பிள்ளை பேசினாலோ எழுதினாலோ அதை நாடகம் என்று தள்ளாமல், நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அன்றே அப்புறப்படுத்த வேண்டும் அல்லது பூட்டி வைக்க வேண்டும். பிள்ளையைத் தனியே விடக் கூடாது. தமிழ்நாடு அரசின் நட்புடன் உங்களோடு மனநல சேவை 14416 என்ற எண்ணில் இரவு பகலாகக் கிடைக்கிறது. 104 எண்ணிலும் ஆலோசனை உண்டு. வீட்டில் வன்முறை நடந்தால் குழந்தைகளுக்கான 1098.

தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு உண்டு. போகும்போது நான்கு தகவல்களை எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது: பிள்ளை எதை விரும்பிச் செய்தது, எந்த மாதத்தில் அதை விட்டது, பூப்பின் முதல் அறிகுறி எப்போது தென்பட்டது, பிறந்தது முதல் 5 வயது வரை யார் யார் வளர்த்து எத்தனை முறை கை மாறியது. கடைசித் தகவலைச் சொல்லப் பல பெற்றோர் கூச்சப்படுகிறார்கள். மருத்துவர் அதைக் கேட்பது யாரையும் குற்றம் சாட்டுவதற்காக அல்ல. சிகிச்சையில் மருந்தை முன்வைப்பதா, செயலூக்கத்தை முன்வைப்பதா, வீட்டின் ஒழுங்கை முன்வைப்பதா என்று முடிவெடுக்க அந்த ஒரு தகவல் பெரிதும் உதவும். பேச விரும்பும் பிள்ளையை மருத்துவரோடு சற்று நேரம் தனியாகப் பேச விட்டுவிட்டு வெளியே உட்காருங்கள்.